ஐந்நூறு அடிக்கு ஒரு குச்சி

5.2.2006, ஞாயிறு

காலையில் நல்ல பனி. எதிர்வீட்டு வேப்பமரம் ஏழு மணிக்குத்தான் கண்ணுக்குத் தெரிந்தது. காஸ் தீர்ந்துவிட்டது, நாளை பதிய வேண்டும்.

நேற்று புதுச்சேரி டாக்டர். வெறும் வயிற்றில் 214. ஆக, எனக்குச் சர்க்கரை வியாதி. நாற்பத்து மூன்று வயதில். மாத்திரை இரண்டு வேளை, இனிப்பு தொடக்கூடாது, தினமும் முக்கால் மணி நேரம் நடை. ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம். குறையவில்லை என்றால் இன்சுலின் ஊசி, தினமும், நானே போட்டுக்கொள்ள வேண்டுமாம். ரத்தம் எடுத்தபோதே கண்ணை மூடிக்கொண்டு மனைவி தனத்தின் கையைப் பிடித்துக்கொண்டவன் நான். நர்ஸ் சிரித்துவிட்டாள்.

வீட்டில் இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கியாயிற்று. யாரிடமும் மூச்சு விடக்கூடாது. மகள் பிரியா ஆறாம் வகுப்பு, ரகசியம் என்றால் அவளுக்கு உயிர். பயமெல்லாம் தனத்தைப் பற்றித்தான். வீட்டிலேயே தையல். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க நாளைக்குப் பத்துப் பெண்கள் வந்து போகிற வாசல்.

"என்னாத்துக்கு இத்தினி ரகசியம்? கொலையா பண்ணிட்டீங்க?" என்றாள் தனம்.

அவளுக்குப் புரியாது. இரும்பை கிராமத்துக்காரி. இந்த ஊரில் ஒருவனுக்கு என்ன வந்தாலும் அது பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும். போஸ்ட்மேன் சேகருக்குக் காலில் ஆணி வந்து ஆறி எட்டு வருடம் ஆகிறது. இன்னும் ஆணிக்கால் சேகர்தான். நான் ரிஜிஸ்டர் ஆபீசில் இருபது வருடமாக ஏகாம்பரம் சார். சக்கரை சார் ஆகிற உத்தேசம் இல்லை.

6.2, திங்கள்

முதல் நாள் நடை. மெயின் ரோட்டில். படுதோல்வி.

வழியில் "எங்க சார்?" என்று கேட்டவர்கள் பதினொரு பேர். சொன்ன பதில்கள்:
கடைக்கு.
பஸ் ஸ்டாண்டுக்கு.
சும்மா. (இது செல்லவில்லை. "சும்மான்னா எங்க?" என்று நின்றுவிட்டார்.)
மாமியார் வர்றாங்க. (அவர் இரும்பையில் நிம்மதியாக இருக்கிறார்.)

அதைவிட மோசம், வண்டிக்காரர்கள். தெரிந்த மனிதர் நடந்து போகிறார், ஏற்றிக்கொள்ளாமல் போனால் அவர்களுக்கு மரியாதை இல்லை. வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறார்கள். மூன்று பைக், ஒரு ஷேர் ஆட்டோ. ஆக மொத்தம் நடந்தது ஒரு கால் பர்லாங். பஸ் ஸ்டாண்டில் வேலையே இல்லாமல் இறங்கி நின்றேன். திரும்ப இன்னொரு பைக் கொண்டுவந்து விட்டது.

8.2, புதன்

தனத்தின் யோசனை: உப்பளத்து வரப்பு. அங்கே வண்டி வராது. மூன்று பேருமாகப் போனால் கோயிலுக்குப் போவதாக நினைத்துக்கொள்வார்கள். காலை ஐந்தே முக்கால்.

போனோம். நன்றாக இருந்தது, ஒத்துக்கொள்ள வேண்டும். சவுக்குத் தோப்புக்கு மேலே சூரியன் வர, பாத்தி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவந்தது. இருபது வருடமாக இந்தப் பாத்திகளின் நான்கெல்லையைக் காகிதத்தில் படித்திருக்கிறேன். வடக்கே வாய்க்கால், தெற்கே வண்டிப்பாதை. நேரில் வந்ததே இல்லை.

தனம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். எனக்கு அனுமதி இல்லை. சர்க்கரைக்காரன் வெறுங்காலில் நடக்கக்கூடாது. ரப்பர் செருப்பு வாய்க்கால் சேற்றில் ஒருமுறை மாட்டியது.

12.2, ஞாயிறு

பிரியா இன்று முதல் கண்காணிப்பாளர். நான் பாதியில் திரும்பி ஏமாற்றுகிறேன் என்று புகார். (உண்மை. வெள்ளி, சனி.) பழைய சிவப்பு ரிப்பனைத் துண்டு துண்டாக வெட்டி, சவுக்குக் குச்சியில் கட்டி, ஐந்நூறு காலடி எண்ணி எண்ணி வரப்பில் நட்டுவிட்டாள். மொத்தம் ஆறு குச்சி. ஆறாவதைத் தொட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும். ஒரு நோட்டு வேறு. அதில் தேதி, நேரம், குச்சி எண், பறவை.

இன்றைய பட்டியல், அவள் எழுத்தில்:
கொக்கு, எண்ணவில்லை
உள்ளான் 40க்கு மேல்
மீன்கொத்தி 1
பூநாரை 7 (அப்பா 6 என்கிறார், அப்பாவுக்குக் கண் சரியில்லை)

இட்லிக்குத் தொட்டுக்கொள்ள வெங்காயச் சட்னி. நான்கோடு நிறுத்திவிட்டாள் தனம்.

15.2, புதன்

பாத்தி மிதிக்கிறார்கள். சீசனுக்குத் தரை கெட்டிப்படுவதற்காக ஐந்தாறு பேர் வரிசையாக நின்று, கையைக் கோத்துக்கொண்டு, சேற்றை மிதித்துக்கொண்டே நகர்கிறார்கள். அதில் மஞ்சள் புடவையைத் தூக்கிச் செருகிய ஒரு பெண், அஞ்சலை. அவள் மகள் சங்கீதா நம் பிரியாவுடன் ஒரே பெஞ்சு. பிரியா கையைக் காட்ட, அவளும் சேற்றுக் கையைக் காட்டினாள்.

"என்னா சார், குடும்பத்தோட?"

"காத்து வாங்க வந்தோம்."

"வாங்குங்க வாங்குங்க. இங்க அது ஒண்ணுதான் சும்மா கெடைக்குது."

மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் நாங்கள் போன பிறகு அவர்கள் ஏதோ பேசிச் சிரித்தது கேட்டது.

19.2, ஞாயிறு

உண்மையை இங்கேயாவது எழுதுவோம். ஆபீசுக்கு எதிர் டீக்கடையில் மாஸ்டர் என்னைக் கேட்பதே இல்லை. ஸ்ட்ராங்காக ஒன்று, மூன்று ஸ்பூன் சர்க்கரை, இருபது வருடப் பழக்கம். காலை ஒன்று, மாலை ஒன்று. சர்க்கரை வேண்டாம் என்று சொன்னால் அந்த நிமிடமே ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் குடிக்கிறேன். விடியற்காலை நான்கு கிலோமீட்டர் நடந்து குறைப்பதைப் பதினொரு மணிக்குக் குடித்துவிடுகிறேன். தனத்துக்குத் தெரியாது.

எழுதிப் பார்த்தால் முட்டாள்தனம் நன்றாகவே தெரிகிறது.

24.2, வெள்ளி

ஆபீசில் கூட்டம். வழக்கமாக வெள்ளிக்கிழமை ஈ ஓட்டுவோம். இன்று வில்லங்கச் சான்றுக்கு மட்டும் எட்டு மனு, எட்டும் உப்பளத்து ஓரம். துரைசாமி வந்தார். குத்தகைப் பாத்தி போகச் சொந்தமாகவும் கொஞ்சம் வைத்திருப்பவர். ஜன்னலில் குனிந்து குரலைத் தாழ்த்தி:

"எப்ப சார்?"

"எது எப்ப?"

"செரி, செரி. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்குப் புரிஞ்சிச்சு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மின்விசிறி வேறு நின்றுவிட்டது.

27.2, திங்கள்

புரிந்துவிட்டது. தையலுக்கு வந்த ஒருத்தி தனத்திடம் கேட்டிருக்கிறாள்: "அக்கா, ஓட்டல் வருதாமே, உப்பளத்தையெல்லாம் எடுக்கறாங்களாமே, சார்தான் அளந்துகினு இருக்காராமே?"

ரிஜிஸ்டர் ஆபீஸ்காரன் விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் உப்பளத்துக்குப் போகிறான். கூடவே ஒருத்தி அடியை எண்ணுகிறாள், நோட்டில் எழுதுகிறாள். வரப்பில் சிவப்புத் துணி கட்டிய குச்சி, ஒரே இடைவெளியில். வெளியாளாக இருந்திருந்தால் நானே நம்பியிருப்பேன். பொம்மையார்பாளையம் பக்கம் ரோட்டோரம் இப்படித்தான் ஒருநாள் குச்சி முளைத்தது. மறுமாதம் காம்பவுண்டு சுவர்.

தனம் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பிரியா மட்டும், "அப்ப குச்சிய எடுத்துடலாமாப்பா?" என்றாள். வேண்டாம் என்றேன். எடுத்தால் அளந்து முடித்துவிட்டார்கள் என்பார்கள்.

3.3, வெள்ளி

முதல் உப்பு. இரண்டு பாத்தியில் மேலே பாலாடை மாதிரி கட்டியிருந்தது. பிரியா விரலால் தொட்டு நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்தாள். பூநாரை 23, இதில் எங்களுக்குள் தகராறு இல்லை. தனம் வரப்பில் உட்கார்ந்து, கல்யாணமான புதிதில் இந்த ஊர் உப்புக்காற்றில் தன் வெள்ளிக் கொலுசு கறுத்ததைச் சொன்னாள். பதினான்கு வருடம் கழித்துப் புகார். மூன்று பேரும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். ஆபீசுக்குப் பத்து நிமிடம் லேட்.

இப்படி ஒரு காலை வேளைக்காக வியாதி வந்தாலும் பரவாயில்லை என்று தோன்றியது. தனத்திடம் சொல்லவில்லை, திட்டுவாள்.

இடுப்பில் பேன்ட் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது.

7.3, செவ்வாய்

சிரிப்பு போயிற்று.

நான்காவது குச்சிப் பக்கத்தில் அஞ்சலை எங்களுக்காகவே நின்றிருந்தாள். உப்பு வாருகிற பலகையைத் தரையில் ஊன்றிக்கொண்டு.

"சார், நேராவே கேக்கறேன். நாங்க வேற எடம் பாத்துக்கணுமா?"

"அப்டியெல்லாம் ஒண்ணுமில்லம்மா. யாரும் எடுக்கல. சத்தியமா."

"நீங்க சொல்ல மாட்டீங்க சார். உங்க வேலை அப்டி. தப்பா சொல்லல." பலகையை மறு கைக்கு மாற்றினாள். "செங்கல் சூளைக்கு வர்றோம்னு எங்க வூட்டுக்காரு பேசிட்டாரு. இங்க திடீர்னு நிறுத்திட்டா அப்ப போயி நின்னா எவன் சேப்பான்? ஞாயித்துக்கெழமை லாரி வருது."

"சங்கீதா?" என்றாள் பிரியா.

"அவளும்தான். அவள எங்க வுட்டுட்டுப் போறது?"

முழுப்பரீட்சைக்கு இன்னும் ஒரு மாதம். திரும்பி வரும்போது பிரியா ஒரு குச்சியையும் எண்ணவில்லை. நோட்டில் இன்றைய தேதியின் கீழே வெறுமை.

8.3, புதன்

ஆபீசில் துரைசாமியைப் பிடித்து உட்காரவைத்து, ஓட்டலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்று அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். போகும்போது பக்கத்து ஆளிடம், "ஆபீசர் மூச்சு விடாதன்னு சொல்லி வச்சிருக்காரு போல" என்றார். நான் மறுக்க மறுக்க அது உறுதியாகிறது.

இரவுச் சாப்பாட்டில் பிரியா: "சொல்லிடுங்கப்பா. சக்கரன்னு சொல்லிட்டா என்னா ஆயிடும்?"

"உனக்குத் தெரியாது."

"சங்கீதா போயிட்டா என்னா ஆவும்னு தெரியும்."

தனம் என் தட்டில் இரண்டாவது சப்பாத்தியை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

9.3, வியாழன்

நடக்கவில்லை. தலைவலி என்று சொன்னேன். டீக்கடையில் மூன்று ஸ்பூன், காலை, மாலை. இரண்டும் கசந்தது. ஒரு பெயருக்குப் பயந்துகொண்டு ஒரு பெண் பிள்ளையின் படிப்பைச் சூளைக்கு அனுப்பப் பார்க்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

நாளை.

10.3, வெள்ளி

வரிசையாக எழுதிவைக்கிறேன்.

ஆறேகாலுக்கு மூன்று பேரும் டீக்கடை. உப்பளத்துக்குப் போகிறவர்கள் அந்த நேரத்துக்கு அங்கே டீ குடித்துவிட்டுத்தான் இறங்குவார்கள். அஞ்சலை, அவள் புருஷன், இன்னும் ஏழெட்டுப் பேர். துரைசாமி பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் என்னைப் பார்த்ததும் கிளாஸில் மூன்று ஸ்பூன் போட்டுவிட்டார்.

"மாஸ்டர், எனக்குச் சக்கர வேணாம்."

"கம்மியாவா சார்?"

"சுத்தமா வேணாம்."

ஆற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. கடையே திரும்பிப் பார்த்தது. சொன்னேன்: "எனக்குச் சக்கர வியாதி. டாக்டர் நடக்கச் சொன்னாரு. ரோட்டுல நடந்தா நீங்க வண்டியில ஏத்திக்கிறீங்க. அதான் உப்பளத்துக்கு வந்தேன். அந்தக் குச்சி எங்க பொண்ணு நட்டது, நான் ஏமாத்தாம இருக்கறதுக்கு. அதுல இருக்கறது அவ ரிப்பன். வேற ஒண்ணுமே இல்ல."

துரைசாமி பேப்பரை மடித்தார்.

"இப்டி சொல்லச் சொல்லி யாரு சார் சொல்லிக் குடுத்தாங்க?"

நம்பவில்லை. இருபது வருடம் காப்பாற்றிய மானத்தைக் கொண்டுபோய்க் கொட்டினால் அதையும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். பிரியா நோட்டைப் பிரித்துக் காட்டினாள். பூநாரைக் கணக்கை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றார் ஒருவர்.

அதற்குள் டீ வந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க ஒரு வாய் குடித்தேன். சர்க்கரை இல்லாத டீ இப்படி இருக்கும் என்று எவனும் எனக்குச் சொன்னதில்லை. முகம் என்ன ஆயிற்றோ தெரியாது, தனம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அஞ்சலை கிட்டத்தில் வந்து என் முகத்தையே பார்த்தாள். இரண்டாவது வாயையும் பார்த்தாள்.

"இது நடிப்பு இல்ல," என்றாள் புருஷனிடம். "மெய்யாலுமே சக்கரதான்."

அதோடு உடைந்தது. ஆளாளுக்கு வைத்தியம்:
பாகற்காய்ச் சாறு (மூன்று பேர்)
ஆவாரம்பூ
நாவல்கொட்டைப் பொடி
சிறுகுறிஞ்சான், சொன்னவர் வீட்டு வேலியிலேயே இருக்கிறதாம்
எதுவும் சாப்பிடாமலே இருப்பது (மாஸ்டர்)

அஞ்சலை மட்டும், "நடக்கத்தானே சார் வர்றீங்க? வரப்புல நடக்கறத எங்க பாத்தியில எறங்கி மிதிச்சிருந்தா எங்களுக்கு ஓராள் வேலை மிச்சம் ஆயிருக்கும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

சூளை? கேட்கத் தைரியம் வரவில்லை. அவள் புருஷன் டீக் காசைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனான்.

11.3, சனி

சாயங்காலம் துரைசாமி வீட்டுக்கே வந்தார். தனம் காபி கொடுத்தாள். சர்க்கரை போடலாமா என்று கேட்டதற்கு வாசலைப் பார்த்துவிட்டு, மெல்ல:

"எனக்கும் மூணு வருஷமா இருக்குது சார். வெளிய சொல்லிடாதீங்க."

தனத்தின் முகத்தைப் பார்க்கவே கூடாது என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாளையிலிருந்து அவரும் நடைக்கு வருகிறார். கேட்டால், பாத்தியைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொள்வாராம்.

12.3, ஞாயிறு

லாரி வந்தது. ரோட்டில் நின்று பார்த்தோம், பிரியா என் கையைப் பிடித்துக்கொண்டு. தெரியாத முகங்கள் நிறைய, மூட்டை, அடுப்பு, ஒரு ஆட்டுக்குட்டி. அஞ்சலை வீட்டு ஆட்கள் இல்லை. லாரி திரும்புகிறவரை பிரியா கையை விடவில்லை.

பிறகு உப்பளத்துக்குப் போனால் மூன்றாவது குச்சிப் பக்கம் சங்கீதா உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பிரியாவும் அவளுமாக விளையாட ஓடிவிட்டார்கள். துரைசாமி இருபது நிமிடத்தில் மூச்சு வாங்கினார். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

14.3, செவ்வாய்

பெயர் வந்துவிட்டது. ஆபீஸ் வாசலில் ஒரு கிழவர், "சக்கர சார் இருக்காரா?" என்றார். இரண்டு நிமிடம் கழித்துத்தான் எழுந்து போனேன். அவருக்கு வேண்டியது நகல் மனு.

எதிர்பார்த்த அளவுக்கு வலிக்கவில்லை. ரோட்டில் இப்போது யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. "நடங்க சார், நடங்க" என்று ஹாரன் அடித்துவிட்டுப் போகிறார்கள். டீக்கடையில் எனக்கென்று தனிக் கிளாஸ்.

18.3, சனி

புதுச்சேரி. 148. டாக்டர் காகிதத்தை இரண்டு தடவை பார்த்தார். ஊசி இப்போதைக்கு வேண்டாம், இப்படியே நடங்கள் என்றார். ரத்தம் எடுக்கும்போது இந்தத் தடவையும் தனத்தின் கைதான். நர்ஸ் இந்தத் தடவையும் சிரித்தாள்.

பஸ்ஸில் வரும்போது கோட்டக்குப்பம் தாண்டியதும் தனம் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இந்த ஆறு வாரம் அவளும் பயந்திருக்கிறாள், சொல்லவே இல்லை.

வாங்க வேண்டியது: ரப்பர் செருப்பு, பிரியாவுக்கு ஜியாமெட்ரி பாக்ஸ், தையல் மிஷினுக்கு எண்ணெய்.

19.3, ஞாயிறு

காற்று கடல் பக்கமிருந்து. வெயில் சீக்கிரம் ஏறுகிறது, நாளையிலிருந்து ஐந்தரைக்கே கிளம்ப வேண்டும்.

உப்புக் குவியல் வரிசையாக ஏறிவிட்டது. அஞ்சலை தூரத்துப் பாத்தியில் வாரிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே சத்தம் போட்டாள்: "சக்கர சார், எத்தினி வந்துச்சு?"

"நூத்தி நாப்பத்தெட்டு."

"கம்மியா, ஜாஸ்தியா?"

"கம்மிதாம்மா."

பலகையைத் தூக்கிக் காட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

ஆறாவது குச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். பிரியா சட்டையைப் பிடித்து இழுத்தாள். அங்கே, இன்னும் ஐந்நூறு அடி தள்ளி, வரப்பில் ஏழாவதாக ஒரு குச்சி. ரிப்பன் இல்லை. மஞ்சள் புடவைக் கிழிசல்.

"நான் நடலப்பா."

அதுவரை நடந்தோம்.